ஆளுக்குப் பாதி பாஸ்வேர்டு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் பேச்சு நின்று நாலு நாள் ஆகியிருந்தது. அதனால் கடைக் கம்ப்யூட்டரும் நாலு நாளாகத் திறக்கவில்லை.

பாஸ்வேர்டின் முதல் பாதி அவருக்குத்தான் தெரியும், இரண்டாம் பாதி அவளுக்குத்தான் தெரியும். ஒருவர் தட்டும்போது மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எந்தத் திருடன் வந்து யாரை ஏமாற்றினாலும் பாதிதானே போகும் என்று அவர் யோசித்துச் செய்த ஏற்பாடு. இதைப் பற்றி அவர் பெருமையடிக்காத வாடிக்கையாளரே கிடையாது.

சண்டை ஒரு பிரேமால் வந்தது. "இது வேண்டாம்மா, போட்டா என் வீட்டுக்காரி மாதிரி இருப்பீங்க" என்று ஒரு பெண்ணிடம் அவர் சொன்னபோது, மனைவி பின்னால்தான் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவராக வந்து பேசும்வரை தன் பாதியைத் தட்டுவதில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். பன்னிரண்டு வருஷத்து வாடிக்கையாளர்களின் பவர் கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குள் கிடந்தது. உடைந்த கண்ணாடியோடு வந்தவர்கள் தட்டுத் தடுமாறித் திரும்பிப் போனார்கள். மூன்று பேர் எதிர்க் கடைக்கே போய்விட்டார்கள். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் இறங்கி வரவேண்டியது அவர்தான்.

ஐந்தாம் நாள் காலையில் கடை போன் அடித்தது.

"மேடம், கம்ப்யூட்டர் கம்பெனியிலேருந்து பேசறேன். உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்துடுச்சு. பாஸ்வேர்டு சொன்னீங்கன்னா இங்கேருந்தே எடுத்துடலாம்."

கடையின் பேரைக்கூடச் சரியாகச் சொன்னான். பேர் தெரிந்தவன் எப்படித் திருடனாக இருப்பான்? அதுவும் இத்தனூண்டு கடைக்கு எந்தத் திருடன் மெனக்கெடப் போகிறான்? அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"என்கிட்ட பாதிதான் இருக்கு தம்பி. மீதி அவர்கிட்ட."

"கேட்டுச் சொல்லுங்க மேடம்."

"நாங்க பேசிக்கறதில்ல. முதல்ல அவர் பாதியைச் சொல்லட்டும், அப்புறம் நான் சொல்றேன்."

"என்ன ஆச்சு மேடம்?" என்றான் அவன்.

இந்த நாலு நாளில் ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தாள். கடைசியில் கணவர் நம்பரையும் கொடுத்தாள்.

பத்தடி தள்ளி அவருடைய செல்போன் அடித்தது. அவர் வாசலுக்குப் போய் வெகுநேரம் பேசினார். மத்தியானம் மறுபடி அவளுக்கு அழைப்பு.

"சார் பாவம் மேடம். அந்த பிரேம் உங்களுக்கு மட்டும்தான் எடுப்பா இருக்குன்னு சொல்ல வந்தாராம். வாய் குளறிடுச்சு."

"அதை என்கிட்ட சொல்லக்கூடாதாமா?"

"அதையேதான் மேடம் நானும் கேட்டேன். நல்லா திட்டிட்டேன். சாரைப் பக்கத்துல கூப்பிடுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க."

அவர் வந்து மேசை ஓரத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க சார்," என்று போன் அதட்டியது.

"அந்த பிரேமை வேற யாரும் போட்டுப் பார்க்க எனக்குப் பிடிக்கல," என்றார். "நான் சொன்ன விதம் தப்புதான்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அப்பாடா!" என்றான் அவன். "இப்ப பாஸ்வேர்டு. சார், நீங்க முதல்ல."

அவர் திடுக்கிட்டார். "இவ முன்னாடியா? அது ரகசியம்ப்பா."

"இவர் காதுபட நானும் சொல்ல மாட்டேன்," என்றாள் அவள்.

"அப்போ யாராவது ஒருத்தர் வெளிய போய்த் தொலைங்களேன்!"

அவளுக்குச் சுருக்கென்றது. "ஏன் தம்பி, நாலு நாள் கழிச்சு இப்பத்தான் மனுஷன் வாயைத் திறந்திருக்கார். அவரைப் போய் வெளிய அனுப்பச் சொல்றீங்களே, நல்லாவா இருக்கு?"

மறுமுனையில் விசும்பல் மாதிரி ஏதோ கேட்டது. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

"தங்கமான பையன்," என்றார் அவர். "நம்ம பஞ்சாயத்துல அவனோட ஒரு நாள் வேலை கெட்டுப்போச்சு."

"நாளைக்குக் கூப்பிட்டா அவனுக்கு என்ன பவர்னு கேட்டு வைங்க. ஒரு கண்ணாடி செஞ்சு அனுப்பிடலாம்," என்று சொல்லியபடியே தன் நாற்காலியைக் கம்ப்யூட்டர் முன்னால், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.