காலருக்குள் சிவப்புத் தையல்

எனக்கு உட்காரத் தெரியாது. "உன் நாற்காலிய வித்துடலாம், இன்னும் புதுசாவே இருக்கு" என்பார் என் வீட்டுக்காரர். ஆறு மெஷின், பதினாலு பெண்கள், மூன்று ஓட்டல், ஒரு ஆஸ்பத்திரி என்று சலவைக்கூடம் வளர்ந்துவிட்டது. ஆனாலும் ஒரு மெஷின் சத்தம் நின்றால் போதும், ஓடிப்போய் அதன் முன்னால் நிற்பேன். ஒன்பது வயதில் அம்மாவோடு சேர்ந்து லாட்ஜ் படுக்கை விரிப்புகளைக் கல்லில் அடித்துத் துவைத்தவள் நான். அன்றைக்குத் துவைத்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு. அந்தப் பயம் சனியன் மாதிரி இன்னும் கூடவே வருகிறது.

புதன்கிழமைகளில் மட்டும் எங்கள் தெருப் பிள்ளைகளின் யூனிஃபார்மைக் காசில்லாமல் துவைத்துக் கொடுப்போம். தெரு முழுக்க ஒரே குழாய். அம்மாக்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். அழுக்குச் சட்டைக்குத் திட்டு வாங்கியே நாலைந்து பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டார்கள். பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்க முடியுமா? ஆறு வருஷமாக நடக்கிறது.

வாடிக்கைக்காரர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்போம். அதே எண்ணைச் சின்னப் பட்டையில் எழுதித் துணியில் குத்துவோம். தேய்த்து மடித்ததும் பிடுங்கிவிடுவோம். பிள்ளைகளின் சட்டைக்கு வாராவாரம் இதை யார் செய்வது? காலரின் உள்பக்கம் சிவப்பு நூலால் எண்ணைத் தைத்துவிட்டேன். ஒரு தடவை தைத்தால் சட்டை கிழியும்வரை இருக்கும். வருகிறவர்களிடமெல்லாம் காலரைப் புரட்டிக் காட்டி, "எப்படி என் மூளை?" என்று பீற்றிக்கொள்வேன்.

பிள்ளைக்கு ஒரு பை என்று அந்தப் புதன்கிழமை இருபத்திரண்டு பை வரவேண்டிய இடத்தில் இருபத்தொன்றுதான் இருந்தது. பதினேழாம் எண்ணைக் காணோம். எங்கள் இஸ்திரிக்காரியின் மகளுடையது அது. பத்தாம் வகுப்பு. மறுநாள் காலையில் முதல் பரீட்சை.

"உன் மக பை எங்கம்மா?"

"அவளுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லக்கா."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"அவ்வளவு ஒண்ணுமில்ல..."

அவள் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி நகரவேயில்லை. டாக்டர் கோட்டு கருகப் பார்த்தது. பெட்டியைப் பிடுங்கி நிமிர்த்தி வைத்தேன். "என்கிட்டயே கதை விடறியா?"

அவள் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. "நாலு நாளா ஸ்கூலுக்குப் போகலக்கா. நாளைக்குப் பரீட்சைக்கும் போகமாட்டாளாம். தயவுபண்ணி ஏன்னு மட்டும் அவகிட்ட கேக்காதீங்க."

கேட்காதே என்றால் எனக்கு இருப்புக் கொள்ளுமா? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவர்கள் வீடு ஒற்றை அறை. வாசலில் வாளியை வைத்துக்கொண்டு அந்தப் பெண் தன் வெள்ளைச் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். காலரின் உள்பக்கம் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"நூலைப் பிரிச்சேன் பெரியம்மா. பிளேடு வழுக்கிடுச்சு."

"அதை எதுக்குப் பிரிச்ச?"

முதலில் தரையைப் பார்த்தாள். பிறகு நேராக என்னைப் பார்த்தாள். "இன்டர்வெல்ல பின்னாடி வந்து காலரைப் புரட்டுவாங்க. சிவப்பு இருந்தா 'ஓசிச் சட்டை, ஓசிச் சட்டை'ன்னு கத்துவாங்க. கிளாஸே சிரிக்கும்."

"என்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? நீங்க சும்மா செய்யறீங்க. அம்மாவும் உங்ககிட்டதான் வேலை பாக்குது."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் படித்த வகுப்பில் வருஷா வருஷம் டீச்சர் சொல்வார்: "இலவச நோட்டு வாங்கறவங்கல்லாம் எழுந்திருங்க." ஏழு வருஷம் எழுந்து நின்றிருக்கிறேன். அதற்குப் பயந்து வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் படுத்திருக்கிறேன். அந்த நிற்கிற அவமானத்தை என் கையாலேயே இருபத்திரண்டு பிள்ளைகளின் காலருக்குள் தைத்து அனுப்பியிருக்கிறேனே, பாவி! அதையும் ஊரெல்லாம் புரட்டிக் காட்டியிருக்கிறேன்.

"தப்பு என்னோடதுதான். சட்டையைக் குடு, தெச்சுத் தரேன். நாளைக்குப் பரீட்சைக்குப் போ."

"வேணாம் பெரியம்மா" என்று சட்டையைத் திரும்ப வாங்கி வாளிக்குள் போட்டாள். மறுபடியும் கசக்க ஆரம்பித்தாள்.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். வந்திருந்த சட்டைகளை எல்லாம் மேஜையில் கொட்டினேன். ஊசியை எடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். அவசரத்தில் இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டேன். இஸ்திரிக்காரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஓட்டல்லேருந்து போன் மேல போன்க்கா."

"அடிக்கட்டும்."

"நூலைப் பிரிச்சுட்டா எது யாரோடதுன்னு எப்படிக்கா தெரியும்?"

"காசு குடுக்கறவங்களோடது எப்படித் தெரியுது? அதே மாதிரிதான். சீட்டு எழுது, பட்டை குத்து."

அவளும் இன்னொரு ஊசியை எடுத்துக்கொண்டாள். ஆறு வருஷத்தில் இந்த வீடுகளிலிருந்து ஒரு புகார்கூட வந்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஓட்டல்காரன் ஒரு பொத்தான் போனால் வீட்டை இரண்டாக்குவான். இவர்கள் பொத்தானே இல்லாமல் வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் நானே வீடு வீடாகப் போய்ச் சட்டைகளைக் கொடுத்தேன். "இனிமே துணி போட்டா சீட்டு கேட்டு வாங்குங்க. கறை போகலன்னா வந்து சண்டை போடுங்க." இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு என்பதுபோல் பார்த்தார்கள். இஸ்திரிக்காரி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டக் கை வரவில்லை.

மறுநாள் காலை எட்டு மணியிலிருந்து வாசலுக்கும் மெஷினுக்கும் அலைந்தேன். "அக்கா, தரை தேஞ்சுடப் போகுது" என்றாள் ஒருத்தி. அவள்மேல் எரிந்து விழுந்தேன். ஒன்பதரைக்குப் பரீட்சை. இஸ்திரிக்காரி தலையே நிமிரவில்லை. சீட்டு விஷயத்தை ராத்திரியே மகளிடம் சொல்லிவிட்டாளாம்; அவள் என்ன முடிவு செய்தாள் என்று மட்டும் தெரியாதாம்.

எட்டே முக்காலுக்கு அந்தப் பெண் வந்தாள். யூனிஃபார்ம் போட்டிருந்தாள். கிழிந்த காலரை வெள்ளை நூலால் தானே கோணல்மாணலாகத் தைத்திருந்தாள். வாடிக்கைக்காரர்கள் நிற்கிற வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் இன்னொரு ஜோடி உடுப்பை மேஜையில் வைத்தாள்.

"சீட்டு குடுங்க."

எழுதினேன். அதே எண்ணைப் பட்டையில் எழுதித் துணியில் குத்தினேன்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேணும். சனிக்கிழமை அடுத்த பரீட்சை."

"தந்துடறேன்மா."

"லேட்டாச்சுன்னா சும்மா விடமாட்டேன் பெரியம்மா."

"ஏய், யார்கிட்ட என்ன பேச்சு!" என்று உள்ளேயிருந்து அவள் அம்மா பதறினாள்.

"நீ உன் வேலையப் பாரு" என்று அவளை அதட்டிவிட்டு, "விடாதே" என்றேன் மகளிடம்.

அவள் சீட்டை ஒரு தடவை படித்துப் பார்த்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு ஓடினாள்.