வெண்டலின் காலைக் காய்ச்சல்

வெண்டலின் ரத்தம் ஒன்றைச் சொன்னது. வெப்பமானி வேறொன்றைச் சொன்னது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. எது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் ஊருக்கு மேலே, பைன் காட்டை வெட்டித் திறந்த மேட்டில், அமெரிக்கர்களின் ராணுவ மருத்துவமனை இருந்தது. போர் முடிந்து ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் மட்டும் போகவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. சலவைக்கு, சமையலுக்கு, கொதிகலனுக்கு, தரை துடைக்க எல்லாம் எங்கள் ஆட்கள். நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். ரத்தம் எடுப்பேன், சோதிப்பேன். ஹில்ட்ரூட் என்ற பெயருக்கு நாக்கு வளையாமல் சிப்பாய்கள் என்னை ஹில்டி என்பார்கள். நான் வாசலைத் தாண்டியதும் காட்டேரி என்பார்கள்.

வெண்டல் நெப்ராஸ்காக்காரன். பனி உறைந்த சாலையில் ஜீப் கவிழ்ந்து தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. எலும்புக்குள் ஓர் உலோகக் கம்பியைச் செருகி நேராக்கியிருந்தார்கள். அறுவை முடிந்த முதல் சில நாட்கள் காய்ச்சல் வருவது வழக்கம்தான். இவனுக்கும் வந்தது. ஆனால் போக வேண்டிய காய்ச்சல் போகவில்லை. தினமும் காலையில் நூற்றியொன்று. எங்கள் கணக்கில் முப்பத்தெட்டுக்கு மேல். மாலையில் ஒன்றுமே இல்லை. மறுநாள் காலையில் மறுபடி நூற்றியொன்று.

கம்பியைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கலாம் என்று அறுவை மருத்துவர் மேஜர் டில்லட்சன் சந்தேகப்பட்டார். வெள்ளிக்கிழமை காலையில் தொடையை மறுபடி திறந்து பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. சீழ் இருந்தால் கம்பியை எடுத்து, எலும்பைச் சுரண்டி, மாதக்கணக்கில் படுக்கவைக்க வேண்டும். அதற்குப் பிறகு முழங்கால் மடங்குமா என்பது யாருக்கும் தெரியாது.

வெண்டலுக்கு முழங்கால் வேண்டும். அவன் வீட்டுத் தொழில், பண்ணைகளில் கிணற்று நீர் இறைக்கும் காற்றாலைகளைப் பழுது பார்ப்பது. ஏணியில் ஏறி உச்சியில் போய்ச் சக்கரத்துக்கு எண்ணெய் போட வேண்டும்.

"ஹில்டி, நெஜத்தச் சொல்லுங்க. உள்ளே சீழ் இருக்கா?" என்று புதன்கிழமை கேட்டான்.

"உன் ரத்தத்துல அப்படி ஒண்ணும் தெரியல."

"கால்ல இருந்தா?"

"கால்ல இருந்தா ரத்தத்துக்குத் தெரியாம இருக்காது."

"அதை மேஜர்கிட்ட சொல்லுங்களேன். ஏணி ஏற முடியாதவன எங்கப்பா என்ன பண்ணுவாரு? கணக்கு எழுத உக்கார வெப்பாரு. எனக்குக் கூட்டலே வராது."

ரத்தத்துக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். ரத்தத்தை ஒரு நீண்ட மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து நிமிர்த்தி வைத்தால், சிவப்பணுக்கள் மெதுவாக அடியில் இறங்கும். உடம்பில் எங்காவது சீழோ வீக்கமோ இருந்தால் அணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுக்கு கனமானது, சீக்கிரம் இறங்கிவிடும். எலும்பு முறிந்தவனுக்கும் முதலில் வேகமாகத்தான் இறங்கும். ஆனால் வெண்டலின் குழாயில் அந்த வேகம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. நுண்ணோக்கியில் எண்ணிய வெள்ளையணுக்களும் கூடவில்லை. ஆறிவரும் உடம்பின் ரத்தம் அது.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. மனித உடம்பு விடியற்காலையில்தான் மிகவும் குளிர்ந்திருக்கும். மாலையில் கொஞ்சம் சூடு ஏறும். பெரும்பாலான காய்ச்சலும் அந்த வழியில்தான் போகும். இவனுடைய காய்ச்சல் தலைகீழாக நடந்தது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வெப்பமானி கெட்டுப்போனதோ? இல்லை, தட்டில் கைக்கு வந்த ஏதோ ஒன்றைத்தான் தினமும் எடுப்பார்கள், மற்ற சிப்பாய்களுக்கு அதே வெப்பமானிகள் சரியாகவே காட்டின. கட்டிலை ஒட்டி வெந்நீர்க் குழாய் இருக்கிறதோ? தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகக்கூட இல்லை. படைக்குத் திரும்பப் பிடிக்காத சிப்பாய் வெப்பமானியை விளக்கில் காட்டி ஏமாற்றுவது உண்டு. ஆனால் செவிலியர் லெப்டினன்ட் மெரிவெதர் நோயாளியின் பக்கத்திலேயே நிற்பவர். அதுவும் இவன் வீட்டுக்குப் போகத் துடிப்பவன்.

முடிவுகளை மேஜரிடம் கொண்டுபோனேன். பொறுமையாகப் பார்த்தார்.

"ஹில்டி, உங்க வேலை மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா நான் தப்புப் பண்ணா அவனுக்கு ஒரு தழும்பு கூடும். நீங்க தப்புப் பண்ணா கால் போகும்."

நான் முடிவுத் தாள்களை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நாளைக்கு எல்லாத்துக்கும் முன்னால இன்னொரு தடவை ரத்தம் எடுங்க. கடைசியா ஒரு தடவை பாத்துடலாம்," என்றார்.

வழக்கமாக நான் வார்டுக்குப் போகும்போது காலை உணவே முடிந்திருக்கும். மேஜர் சொன்னதால்தான் வியாழக்கிழமை முதல் முறையாக விடியும் முன்பே போனேன். அந்த நேரத்தில் வார்டு துப்புரவுப் பெண்களுடையது. வெண்டலின் அறையில் லீஸ்பெத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள், என்னைத் திட்டுவதற்கு உரிமை வாங்கிவைத்திருப்பவள்.

"வந்துட்டாளே காட்டேரி! சேவல் கூவறதுக்குள்ள குடிக்கணுமா உனக்கு?"

"முதல்ல அந்த ஈரத் துணிய என் கால்லேருந்து எடு."

வெண்டல் குடித்து முடித்த ஒரு தகரக் கோப்பையை அவளிடம் திருப்பி நீட்டினான். "தேங்க் யூ, மேம்." லீஸ்பெத்தை அவள் வாழ்நாளில் யாரும் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. அவள் முகம் மலர்ந்தது. கோப்பையிலிருந்து தேன் மணமும் லிண்டன் பூ மணமும் வந்தன.

"என்ன அது?"

"ஷ்ஷ். நீ ஒண்ணும் பாக்கல." வாளியில் துடைக்கும் துணிகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்க் இருந்தது. "லிண்டன் பூக் கஷாயம். எங்க வீட்டு மரத்துப் பூ. காய்ச்சலுக்கு வேற என்ன குடுப்பாங்க?"

"நாம நோயாளிக்கு எதுவும் குடுக்கக் கூடாது, தெரியும்ல? வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும். இவங்க என்ன குடுக்கறாங்கன்னு பாத்தியா? ஐஸ் தண்ணி! காய்ச்சக்காரப் பையனுக்கு, ஜனவரி மாசத்துல, கண்ணாடி ஜாடில ஐஸ் கட்டி மெதக்க மெதக்க! பசுமாட்டுக்குக்கூட நான் அப்படிக் குடுக்க மாட்டேன்."

வெண்டலுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. வெள்ளை மேலங்கி போட்ட ஒரு பெண் தினமும் விடியலில் கொண்டுவருவதால், கஷாயம் மருத்துவரின் உத்தரவு என்று அவன் நினைத்திருந்தான். ராணுவத்தில் நீட்டியதைக் குடித்துவிடுவதுதான் பழக்கம்.

லெப்டினன்ட் மெரிவெதர் வெப்பமானித் தட்டோடு உள்ளே வந்தார். ஒன்றை உதறி, வெண்டலின் நாக்குக்கு அடியில் வைத்தார்.

நான் விழித்துப் பார்த்தேன். அத்தனை வருடம் அங்கே வேலை செய்தும் அதை நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீடுகளில் வெப்பமானி அக்குளில் போகும். குழந்தைகளுக்கு என்றால் பின்பக்கம் போகும். வாயில் வைப்பதை நாங்கள் கனவிலும் நினைக்க மாட்டோம்.

லீஸ்பெத் என் காதருகே முணுமுணுத்தாள். "பாத்தியா? தெனமும் இந்தக் கண்றாவிதான். அது முன்னாடி எங்கெல்லாம் போயிட்டு வந்துச்சோ, யாருக்குத் தெரியும்?"

"நூற்றியொன்று," என்றார் செவிலியர். வெண்டல் கண்களை மூடிக்கொண்டான்.

"ஐயோ பாவம்," என்றாள் லீஸ்பெத். "நாளைக்கு ரெண்டு கோப்பையாக் குடுக்கணும்."

நான் ரத்தத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். படிக்கட்டின் திருப்பம்வரை போய் நின்றுவிட்டேன். என் உள்ளங்கையில் ரத்தம் நிரம்பிய கண்ணாடிக் குழாய் இளஞ்சூடாக இருந்தது. இப்போதுதான் உடம்பிலிருந்து வந்தது, அதனால் சூடு. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். அப்படியென்றால் இப்போதுதான் கஷாயம் குடித்த வாய்?

மீதிப் படிகளை ஓடியே இறங்கினேன்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு புது வெப்பமானியை எடுத்து, ஸ்பிரிட்டில் முக்கித் துடைத்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு என் நாக்குக்கு அடியில் வைத்தேன். தொண்ணூற்றெட்டு. பிறகு கொதிக்கக் கொதிக்கக் காப்பி குடித்துவிட்டு உடனே மறுபடி வைத்தேன். நூற்றியொன்றைத் தாண்டியது. எனக்கும் காய்ச்சல்! வெண்டலின் ரத்தத்தைக் குழாயில் நிமிர்த்தி, வெள்ளையணுக்களை எண்ணி முடித்துவிட்டு மூன்றாம் முறை வைத்தேன். தொண்ணூற்றெட்டு.

வெப்பமானிக்குக் காய்ச்சல் என்றால் என்ன என்று தெரியாது. தன்னைத் தொடுவது எவ்வளவு சூடு என்பதை மட்டும்தான் அது சொல்லும். பாதரசம் ஏறும் வழியில், குமிழுக்குச் சற்று மேலே, கண்ணாடி இறுக்கமாக இருக்கும். ஏறிய பாதரசம் அந்த இறுக்கத்தைத் தாண்டித் தானாக இறங்காது, உதறினால்தான் இறங்கும். அதனால் வாய் ஒரு நொடி சூடாக இருந்து அப்புறம் ஆறினாலும், அது கண்ட உச்சத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

லீஸ்பெத்தைத் துடைப்பங்கள் வைக்கும் சிறு அறையில் பிடித்தேன்.

"உன் கஷாயம்தான் அவனுக்குக் காய்ச்சல் காட்டுது."

"உனக்குப் பைத்தியம் பிடிச்சுருக்கு. கஷாயம் காய்ச்சல இறக்கும்டி. சாயங்காலம் சுத்தமா இறங்கிடுதே, அது எதனால?"

"சாயங்காலம் நீ வீட்டுக்குப் போயிடுற."

"அது..." என்று அவள் இழுப்பதற்குள் நான் வெப்பமானியை நீட்டினேன்.

"வாயத் திற."

"மாட்டேன்! அது எங்கே போயிட்டு வந்துச்சோ."

"புதுசு. எனக்கு அப்புறம் நீதான்."

பிளாஸ்கில் மீதி இருந்த கஷாயத்தை அவளையே குடிக்கவைத்து, வெப்பமானியை வைத்தேன். பேச முடியாமல் அவள் கண்களாலேயே என்னைத் திட்டினாள். எடுத்துக் காட்டினேன்.

"நூத்தியொண்ணா? நான் செத்துட்டேனா?"

"அமெரிக்கக் கணக்கு. வெண்டலுக்கு என்னவோ அதேதான் உனக்கும். நாளைக்கு மேஜர் உன் காலையும் திறப்பாரு."

அவள் சிரிக்கவில்லை. கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். "மொத நாள் அவன் உடம்பு நெஜமாவே கொதிச்சுதே, ஹில்ட்ரூட். நான் தொட்டுப் பாத்தேனே."

"அன்னிக்கு நெஜம். அறுவை பண்ண சூடு. அது அப்பவே போயிடுச்சு. காய்ச்சல்னு நீ கஷாயம் குடுத்த, கஷாயத்தால காய்ச்சல் வந்துச்சு, அதப் பாத்து மறுபடி குடுத்த."

"நெத்தியத் தொட்டுப் பாத்தா இப்பல்லாம் சில்லுன்னுதான் இருந்துச்சு," என்றாள் மெதுவாக. "கஷாயம் வேலை செய்யுதுன்னு நெனச்சேன்." பிறகு சட்டென்று எழுந்து மேலங்கியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "வா. அந்த லெப்டினன்டம்மாகிட்ட நானே சொல்றேன். உன் இங்கிலீஷ் மட்டும் போதும்."

மெரிவெதர் முழுவதையும் கேட்டார். முதலில் காதுகள் சிவந்தன. "சாப்பாட்டு வண்டி வரதுக்கு முன்னாடிதானே நான் எடுக்கறேன்! வாய் காலியாத்தான் இருக்கும்னு நெனச்சு நான் கேக்கவே இல்ல," என்றார். பிறகு லீஸ்பெத்தைப் பார்த்து, "அந்த பிளாஸ்க்கை நான் பாக்கல. ஆனா நாளைக்குக் கொண்டு வாங்க. நான் சொல்ற வரைக்கும் மூடியத் திறக்காதீங்க," என்றார்.

மேஜர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "சாயங்காலத்துல அவனுக்கு எப்பவுமே காய்ச்சல் இல்ல. காலைல இல்லாம இருந்தாத்தான் நம்புவேன்." அறுவை அறையின் ஏற்பாட்டை அவர் நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் நாங்கள் எல்லோரும் அந்தச் சின்ன அறையில் நின்றோம். வெண்டலை இரவிலிருந்து பட்டினி போட்டிருந்தார்கள். லீஸ்பெத் பிளாஸ்க்கைக் குழந்தைபோல மார்போடு அணைத்திருந்தாள். மேஜர் தானே வெப்பமானியை உதறி அவன் வாயில் வைத்தார். வெண்டல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேஜர் எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "தொண்ணூற்றெட்டு." உதறினார். இன்னொரு வெப்பமானியை எடுத்து மறுபடி வைத்தார். அதுவும் தொண்ணூற்றெட்டு. அப்புறம் முந்தின நாள் ரத்தத்தின் முடிவை என்னிடம் மறுபடி கேட்டார், சொன்னேன்.

"அறுவை வேண்டாம்," என்றார். வெண்டலின் கை போர்வைக்கு மேலே முழங்காலைத் தேடிப் போய் அங்கேயே தங்கியது.

"இப்ப ஊத்துங்க," என்றார் மேஜர் லீஸ்பெத்திடம்.

வெண்டல் குடித்தான். வெப்பமானியை வைத்து எடுத்தபோது நூற்றியொன்று. மேஜர் அதை விளக்கடியில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தனக்கும் ஒரு கோப்பை கேட்டார். குடித்துவிட்டுத் தன் வாயிலும் ஒன்றை வைத்துக்கொண்டார்.

"அவருக்கும் காய்ச்சலாம்," என்றேன் லீஸ்பெத்திடம்.

"இன்னும் ரெண்டு கோப்பை குடுப்போமா?" என்றாள் அவள்.

மெரிவெதர் அன்றே வார்டு முழுவதற்கும் வரிசையை மாற்றினார். வெப்பமானி வைக்குமுன் யாராக இருந்தாலும் சூடாகவோ குளிராகவோ ஏதாவது குடித்தாயா என்று கேட்க வேண்டும்; குடித்திருந்தால் வாய் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். வெண்டலின் அறையில் அதைவிட எளிமை: முதலில் வெப்பமானி, அதைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகு லிண்டன் பூக் கஷாயம்.