தையல் உள்ளே

போட்டோ எடுத்த அன்னைக்குத்தான் எனக்கு வேலை போச்சு. போனா போகட்டும். ஆனா எதுக்குப் போச்சுன்னு என் வாயால கேளுங்க, எங்க பெரிய டீச்சர் சொல்றதைக் கேட்டா நான் பள்ளிக்கூடத்தையே கொளுத்தின மாதிரி இருக்கும்.

நான் மழலையர் பள்ளியில ஆயா. மூணு, நாலு வயசுல பன்னெண்டு வாண்டுங்க. வந்த உடனே வீட்டுத் துணியைக் கழட்டிட்டு யூனிஃபார்ம் மாத்தணும். நான் மாட்டிவிட்டா பத்து நிமிஷம். அதுங்களே போட்டா முக்கால் மணி நேரம். ஆறு மாசமா நான் கையைக் கட்டிக்கிட்டு அந்த முக்கால் மணி நேரமும் உக்காந்திருந்தேன். கை பரபரங்கும், அடக்கிக்குவேன். "உனக்கு வேலை செய்யச் சோம்பல்"னு பெரிய டீச்சர் சொல்லுவாங்க. "மாட்டிவிடுறதுதாங்க சோம்பல்"னு நானும் சொல்லிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பதினொரு பேர் தேறிட்டாங்க. குட்டியூண்டுன்னு ஒருத்தன்தான் பாக்கி. ஆள் அவ்வளவுதான் இருப்பான், அதனால அந்தப் பேரு. தினமும் சட்டையை உள்பக்கம் வெளியில தெரியப் போட்டுக்கிட்டு வந்து நிப்பான். "திருப்பிப் போடுடா"ம்பேன். கழட்டுவான், அப்படியே போட்டுக்கிட்டு வருவான்.

அன்னைக்குப் போட்டோக்காரர் காலையிலேயே வந்துட்டார்.

"இன்னைக்கு ஒரு நாள் நீயே மாட்டிவிடு"ன்னாங்க பெரிய டீச்சர்.

"மாட்டேங்க. ஆறு மாசம் பழகினதைப் படம் எடுக்கிற அன்னைக்கா பிடுங்குறது?"

அவங்க முகம் கடுகடுன்னு ஆயிடுச்சு. பதினொரு பேரும் முட்டி மோதி உடுத்திக்கிட்டு வரிசையில நின்னாச்சு. குட்டியூண்டு வழக்கம்போல வந்தான்.

"திருப்பிப் போடு"ன்னாங்க டீச்சர். கழட்டினான், அப்படியே போட்டான். "காது கேக்குதா இல்லையா?"

அவனுக்கு உதடு பிதுங்கிடுச்சு. "திருப்பித்தான் போட்டேன். ரெண்டு தடவை போட்டேன்."

அடப்பாவி! திருப்பிப் போடுன்னா அவனுக்கு 'மறுபடி போடு'. இத்தனை நாளா சொன்ன பேச்சை அச்சுப் பிசகாம கேட்டிருக்கான், மக்கு நான்தான். எனக்கு மனசே ஆறலை.

அவன் பக்கத்துல குந்தினேன். "கண்ணு, இந்தத் தையலெல்லாம் வெளியில தெரியுது பாரு. அதையெல்லாம் உள்ளே ஒளிச்சு வச்சிட்டுப் போடு."

சட்டையைத் தரையில விரிச்சான். சட்டைக் கைக்குள்ள தன் கையை விட்டு இழுத்தான். சட்டையோட ஒரு கை நேராத் திரும்பி வந்துச்சு.

"அவன் இல்லாமலே எடுங்க"ன்னாங்க டீச்சர், போட்டோக்காரர்கிட்ட.

நான் எழுந்து போய் கேமரா முன்னாடி நின்னேன்.

"நகரு."

"பன்னெண்டு பேரும் நின்னாத்தான் படம்."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லைங்க"ன்னு போட்டோக்காரர் இழுத்தார். டீச்சர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

"இப்ப நகரலைன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

வீட்டு வாடகை, மகளோட ஃபீஸ் எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. பயமாத்தான் இருந்துச்சு, இல்லேங்கலை. "வரலைங்க. ஆனா இப்ப நகரமாட்டேன்."

அஞ்சு பட்டன். நாக்கை வெளியில துருத்திக்கிட்டு ஒண்ணொண்ணாப் போட்டான். நாங்க எல்லாரும் நின்னோம். கடைசியில பார்த்தா ஒரு பட்டன் தள்ளிப் போட்டிருக்கான், சட்டை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் தொங்குது. ஆனா தையல் எதுவும் வெளியில இல்லை. நெஞ்சை நிமித்திக்கிட்டு வரிசைக்கு வந்தான்.

டீச்சர் பல்லைக் கடிச்சுக்கிட்டு, அதைச் சரிபண்ணக் குனிஞ்சாங்க.

அவன் ரெண்டு கையாலயும் சட்டையைப் பிடிச்சுக்கிட்டான். "தொடாதீங்க. நானே போட்டது."

நான் அவன்கிட்ட ஒரு நாளும் சொல்லித்தராத வார்த்தை அது.