நான்கு கிலோமீட்டருக்கு மேல்

காலை பத்து மணிக்கு அவள் கணினியைத் திறந்தபோது செவ்வாய்க் கிரகத்திலிருந்து நேற்றைய அளவுகள் வந்து சேர்ந்திருந்தன. அங்கே தரையில் நிற்கும் விண்கலத்திலிருந்து ஒரு லேசர் நேர் மேலே ஒளியைப் பாய்ச்சும். தூசியில் பட்டுத் திரும்புகிற கொஞ்சநஞ்ச ஒளியை வைத்து, எந்த உயரத்தில் எவ்வளவு தூசி என்று சொல்வது அவள் வேலை. அந்தக் கருவியைச் செய்த எட்டுப் பேரில் ஏழு பேர் வேறு வேலை, வேறு ஊர் என்று போய்விட்டார்கள். மிஞ்சிய அவளுக்கு அலுவலகத்தில் பெயரே ‘தூசி மேடம்’. அக்கா வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் அவள் போனதில்லை. இதை யார் தலையில் கட்டிவிட்டு வருவது என்பாள். அக்காவும் கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதையே விட்டுவிட்டாள்.

பதினேழு நாளாக அங்கே புழுதிப் புயல். வெயிலை நம்பி இருக்கும் கலத்துக்கு மின்சாரம் பாதியாகிவிட்டது. இன்னும் பத்து நாளில் அடங்கிவிடும், அதுவரை ஒப்பேற்றிவிடலாம் என்று மற்றவர்கள் நம்பினார்கள். அவள் கண்டது வேறு. பத்து கிலோமீட்டர் வரை போய்த் திரும்பிய ஒளி இப்போது நான்கைத் தாண்டவில்லை. தூசி இறங்குவதாக இல்லை, மூன்று நாளாகக் கூடிக்கொண்டே போனது. சொன்னால் மின்சாரத்தை அதிகம் குடிக்கும் கருவியை முதலில் அணைப்பார்கள். அது அவளுடைய லேசர்தான். அந்தக் குளிரில் ஒரு தடவை உறைந்தால் மறுபடி உயிர் பெறாது. சொல்லாவிட்டால் இன்னும் நாலைந்து நாள் ஓடும், பிறகு கலமே போய்விடலாம். அந்த எண்களை அவளைத் தவிர யாரும் புரட்டப் போவதில்லை. காபி ஆடை படியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மதியக் கூட்டத்தில் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினாள். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்போ உங்க கருவியத்தாம்மா முதல்ல நிறுத்தணும்.”

“ஆமா சார். அதுக்குத்தான் சொல்றேன்.”

வேறொருவர் செய்யட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாமென்று கட்டளையை அவளே தட்டி அனுப்பினாள். போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம், பதில் வரப் பன்னிரண்டு. இந்த நேரத்தில் வழக்கமாக நாளைய வேலைகளைக் குறித்துவைப்பாள். இன்று குறிக்க ஒன்றுமில்லை. லேசர் அணைந்தது என்று ஒரே ஒரு வரி வந்தது. யாரோ தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். யாரென்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு மணிக்கே வீடு திரும்பினாள். அந்த வெளிச்சத்தில் தன் வீட்டைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. செருப்பைக் கழற்றாமலே அக்காவுக்குப் போன் போட்டாள்.

“என்னடி இந்த நேரத்துல? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்.”

“சும்மாவா? நீயா?” அக்கா சிரித்தாள். பிறகு, “இரு, இரு, வாசல்ல யாரோ மணி அடிக்கிறாங்க. வச்சிடாத” என்றாள்.

போனை எங்கோ வைக்கும் சத்தம். கதவு திறந்தது. யாரோ உள்ளே வந்து தண்ணீர் கேட்டார்கள். குக்கர் ஒரு விசில் விட்டது. ஒரு நாற்காலி இழுபட்டது, பேச்சு நீண்டது, அக்கா எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டு, வாசற்கதவில் சாய்ந்து நின்றிருந்தாள்.