புஹாரி கடையில் ஒன்றும் இல்லை

ஆட்சி மாறி, கொழும்புக்குச் சாமான் கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகும் என் வாய் மட்டும் மாறவில்லை. யாராவது கடைக்குள் வந்து, "நைலெக்ஸ் சேலை இருக்கா?" என்று கேட்டால் அது தானாகவே "இல்லை" என்று சொல்லிவிடும்.

துணிக்கு வரிசையில் நின்ற வருடங்களில் பதுளைக் கடைத்தெருவின் முதல் பதில் அதுதான். கேட்டவர் நகரமாட்டார். பெருமூச்சு விடுவார். என் பிள்ளைகளின் சுகம் விசாரிப்பார். மறுபடி கேட்கும்போது நான் தெருவை நோட்டம் விட்டு, மேசைக்கு அடியில் குனிந்து, ஒரே ஒரு சேலையோடு நிமிர்வேன். அந்தக் கணம் நான் வெறும் புஹாரி அல்ல, பதுளை மாவட்டத்தை ஆளும் இன்னொரு அரசாங்க அதிபர்.

இப்போது "இல்லை" என்றதும் சனம் "சரி" என்று போய்விடுகிறது. எதிரில் மச்சினன் ஜௌபர் புதுக் கடை போட்டு, ஜப்பான் சேலைகளை வாசலிலேயே தொங்கவிட்டிருந்தான். நான் குனிவதற்குள் ஆள் அங்கே விலை பேசிக்கொண்டிருப்பார்.

"தீவாளி வரைக்கும் பாப்பேன்," என்றாள் என் மனைவி உம்மு குல்தூம். "அதுக்குள்ள யாவாரம் நடக்கல்லண்டா கடையப் பூட்டிட்டு தம்பிக்கிட்ட தூசு தட்டப் போங்க."

"அவன்ட கல்யாணத்துக்கு உடுக்க சாரம் குடுத்ததே நான்!"

"அதையும் இல்லண்டு சொல்லித்தானே குடுத்தீங்க."

"மச்சான், அந்தத் துணி அடுக்குற றாக்கையக் கொஞ்சம் தூசு தட்டுங்க" என்று ஜௌபர் எனக்குச் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கே மேசைக்கு அடியில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வாசலில் தொங்கவிட்டேன். நான் ஏறி நின்ற முக்காலியை உம்மு குல்தூம் பிடித்துக்கொண்டாள். உள்ளாடையைத் தெருவில் காயப்போடுவது போல் வெட்கமாக இருந்தது.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. தோட்டத்து பஸ்கள் வந்து சனத்தைக் கொட்டின. பெரியாயியைக் கண்டேன். ஹாலிஎலப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். பஞ்ச காலம் முழுக்க என்னிடமே வாங்கியவள். அவளும் நேரே ஜௌபர் கடைக்குள் நுழைந்தாள். எனக்கு றாக்கையும் தூசும் கண்ணில் தெரிந்தன.

வெகு நேரம் கழித்து வெறுங்கையோடு வெளியே வந்தாள். தெருவைக் கடந்து, என் வாசலில் தொங்கிய சேலைகளை ஒட்டடை போல ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து, மேசைமேல் சாய்ந்தாள்.

"மொதலாளி," என்று குசுகுசுத்தாள், "மகளுக்குப் பரிசம் போடுறாங்க. கீழ ஏதாச்சும் இருக்குங்களா?"

"கீழ ஒண்ணும் இல்ல பெரியாயி. எல்லாம் வெளியதான் தொங்குது."

"அப்பிடித்தான் சொல்லுவீங்க." முக்காலியில் வசதியாக உட்கார்ந்தாள். "சின்னவருக்குச் சளி நின்னுச்சுங்களா?"

"நெசமாத்தான் சொல்றேன்."

"அங்கயும் பாத்தேங்க. அந்தத் தம்பி எடுத்து எடுத்துப் போடுறாரு. ஒண்ணத் தொட்டா மத்தது நல்லாருக்க மாதிரி தெரியுது. தலையே சுத்திருச்சு. ஒங்ககிட்டன்னா ஒண்ணே ஒண்ணு வரும். அது எம் மகளுக்குன்னே வரும்."

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த உம்மு குல்தூம் எழுந்து வாசலுக்குப் போனாள். தாமரை நிறத்தில் ஒரு சேலையை உருவி, முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வந்து, மேசைக்கு அடியில் போட்டுக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

நான் தெருவை நோட்டம் விட்டேன். குனிந்தேன். நிமிர்ந்தேன்.

"பாத்தீங்களா, இருந்துச்சுல்ல!" பெரியாயியின் முகமே தாமரையானது. வாசலில் தொங்கியபோது இருந்த விலைதான் சொன்னேன். பேரம் பேசாமல் கொடுத்தாள். சேலையைப் பைக்குள் கருவாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.

"யாருக்கும் சொல்லிடாதீங்க," என்றது என் வாய், பழக்கத்தில்.

உம்மு குல்தூம் தலையில் அடித்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் பெரியாயியின் தோட்டத்து லயத்து வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். தொங்கிய சேலைகளை ஒருத்தியும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தியும் மற்றவளுக்குக் கேட்காமல் குசுகுசுக்கக் காத்திருந்தாள். ஜௌபர் தன் வாசலில் நின்று, என் கடையில் என்னதான் மலிவு என்று எட்டி எட்டிப் பார்த்தான்.

எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"குனிங்க," என்றாள் உம்மு குல்தூம், அடுத்த சேலையைக் காலால் தள்ளியபடி. "தூசு தட்டுறத விட இது லேசு."