உதட்டைப் பார்த்தவள்

டப்பிங் தியேட்டரில் அவளுக்கு அழுகாச்சி என்று பெயர். எந்த சீரியலானாலும் கதாநாயகி குலுங்கி அழ வேண்டிய நாளில் அவளுக்குத்தான் ஃபோன் வரும். ஒன்பது வருஷமாக யார் யார் முகத்துக்கோ அழுது தீர்த்தாயிற்று. போன மாதம் தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் சின்னதாக ஒரு முடிச்சு. இனிக் கத்தலும் அழுகையும் ஆகாது, மீறினால் பேச்சே போய்விடும் என்றார்.

முகத்தைக் காட்டியாவது பிழைக்கலாம் என்றுதான் ஆடிஷனுக்கு வந்தாள். முடிச்சு விஷயம் அண்ணியைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால், மெதுவாகப் பேசுகிற சின்னச் சின்ன டப்பிங்கும் கையை விட்டுப் போகும்.

அண்ணி இவளைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் அண்ணி அண்ணிதான். பதினோரு சீரியலில் பக்கத்து வீட்டுக்காரியாக வந்த அனுபவத்தை நாலு நாளில் கொட்டித் தீர்த்தாள். பொடிக்கட்டம் போட்ட புடவை வேண்டாம், கேமராவில் கண்ணைப் பறிக்கும். வசனம் தலைகீழாகத் தெரிந்தாலும் பேப்பர் கையில் இருக்கட்டும். தப்பு வந்தால் மன்னிப்புக் கேட்டு நிற்காதே, போய்க்கொண்டே இரு. கேமராவைப் பார்க்காதே, எதிரில் வசனம் படிப்பவரைப் பார்.

வராந்தா நாற்காலியில் நாற்பது நிமிஷம். எச்சில் விழுங்கும்போதெல்லாம் முடிச்சு இருக்கிற இடத்தைத் தேடினாள்.

உள்ளே சின்ன அறை. ஒரு கேமரா, ஒரு லைட், நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒட்டிய டேப். நடிகர்களைத் தேர்வு செய்பவர் மானிட்டருக்குப் பின்னால் இருந்தார். எதிர் வசனம் படிக்க கண்ணாடி போட்ட உதவி இயக்குநர். காட்சி இதுதான்: வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார், குடியிருப்பவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு மூன்றே வரி.

பாதியிலேயே தேர்வாளர் நிறுத்தினார்.

"அவர் பேசுறப்ப நீங்களும் வாயசைக்கிறீங்கம்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் அசைத்ததே அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி அதே கதை. மூன்றாவது தடவை உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். பல்வலியா என்று கேட்டார் தேர்வாளர். லைட்காரர் சிரித்தார்.

"நீங்க டப்பிங்கா?" என்றார் தேர்வாளர்.

தலையாட்டினாள்.

"அதான். நீங்க அவரைப் பார்க்கல, அவர் வாயைப் பார்க்குறீங்க. இன்னும் ஒரே ஒரு தடவைதான்."

பிறகு அவளே கேட்டாள்.

"சார், அவரு பேப்பரை வாய்க்கு நேரா பிடிச்சுக்கட்டுமே."

கண்ணாடிக்காரர் அப்படியே பிடித்தார். இப்போது இரண்டு கண்கள் மட்டும்தான். பற்றிக்கொள்ள உதடு இல்லை. அவர் எப்போது முடிப்பார், தான் எப்போது தொடங்க வேண்டும், எதுவும் தெரியவில்லை. அந்தக் கண்களில் இரக்கமே இல்லை. இவர் நிஜமாகவே துரத்திவிடுவார் என்று ஒரு நொடி நம்பினாள். சத்தம் நின்றது. காத்திருந்தாள். "நாங்க எங்க போவோம்" என்று வாயைத் திறந்தபோது குரல் இரண்டாகப் பிளந்தது. பாதி காற்று, பாதி கரகரப்பு. நிற்காமல் மிச்ச வரிகளையும் காற்றிலேயே சொல்லி முடித்தாள்.

தேர்வாளர் மானிட்டரைவிட்டு நிமிரவில்லை. எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

"முகம் பேசுது. வியாழக்கிழமை உடைக்கு அளவு குடுக்க வாங்க. குரல்தான் தேறாது. அதுக்கென்ன, வேற ஆளை வச்சு டப் பண்ணிக்கலாம்."

கீழே அண்ணி ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். இவள் எங்கெங்கோ சுற்றி வளைத்துச் சொல்ல, அவளுக்குப் பொறுமை போயிற்று.

"வேலை கிடைச்சுதா இல்லையா, அதைச் சொல்லு."

"கிடைச்சுது. பேசறதுக்கு வேற ஆளாம்."

"அப்ப தொண்டைக்கும் ஓய்வு. இதுக்குப் போயா இப்படி நடுங்குற?"

அழுகைக்குக் குரல் கொடுப்பவர்கள் தியேட்டரில் இன்னும் நாலே பேர். எல்லாரும் இவளோடு டிஃபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிடுகிறவர்கள். இவளுக்குப் பேச வருவது அவர்களில் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"ஷூட்டிங்ல பதிவான என் குரலை ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டுத்தான் அண்ணி அவங்க டப் பண்ணுவாங்க. தொண்டை கெட்டது முதல் வரியிலேயே புரிஞ்சிடும்."

அண்ணி ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை.

"என்ன பண்ணப் போற?"

"வியாழக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டேன்" என்றாள். அதிலும் கடைசிச் சொல் பாதிதான் வெளியே வந்தது.