ஒரு கிடங்குதான் திறக்கலாம்

கிண்ணியாவில் என்னை 'அணுகுண்டு பஸ்மியா' என்பார்கள். சொல்லட்டும். நான் குண்டு செய்கிறவள் இல்லை, குண்டுக்கான சாமானை எந்த நாடாவது ஒளித்து வைத்திருக்கிறதா என்று பார்க்கிற வேலைக்குப் படித்தவள் என்று விளக்கி விளக்கி வாய் வலித்து, பிறகு விட்டுவிட்டேன்.

அதற்கான அரசாங்கப் பிரிவில் கொழும்பில் வேலை. வியன்னாவில் சர்வதேசப் பரிசோதகர் பதவிக்கு விண்ணப்பித்து, கடைசிச் சுற்றுவரை வந்திருந்தேன். அந்தக் கடைசிச் சுற்று ஒரு களப் பயிற்சி. உலகத்தில் வேறு இடமே இல்லாததுபோல அதைக் கப்பல்துறையில் வைத்தார்கள். பாலம் தாண்டினால் கிண்ணியா, என் வீடு.

விதி இதுதான். பழைய கிடங்குகள் நிற்கிற ஒரு வளவுக்குள் எதிர்த்தரப்பு, அதாவது சந்தேகத்துக்குரிய 'நாடு', ஒரு பீப்பாயை ஒளித்து வைக்கும். உள்ளே ஈயத் தகடு போட்ட பீப்பாய், அதனால் கதிர்வீச்சு மீற்றர் வாயைத் திறக்காது. பரிசோதகர் குழுவான நாங்கள் கதைக்கலாம், சுற்றிப் பார்க்கலாம். ஆனால் ஒரேயொரு கிடங்கைத்தான் திறக்கச் சொல்லலாம், அதுவும் காரணம் சொல்லி, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்னால். பிழையான கதவைத் திறந்தால் வியன்னா கிடையாது.

மதிப்பீடு செய்ய வந்த வெள்ளைக்காரப் பெண் காலையிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சொந்த ஊர் என்பதால் மனம் இளகிவிடும், கவனம் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இளகுகிற ஆளா நான்?

எதிர்த்தரப்புத் தலைவராக நடித்தவர் சோமசேகரம் சேர். மாவட்டக் கச்சேரியில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் அரை நாளைக் கடத்துகிற வித்தை அவருக்குக் கைவந்தது.

"இறைமையுள்ள நாட்டுக்குள்ள வந்து நிக்கிறீங்கள், பிள்ளை. முதல்ல இருந்து ஒரு பிளேன்ரீ குடியுங்கோ."

"ஏலாது சேர். உங்கட தரப்பில தண்ணிகூடக் குடிக்கக் கூடாது எண்டு சட்டம்."

"அப்ப தாகத்தோடயே தேடுங்கோ."

தேடினோம். மூன்றாம் கிடங்கின் கதவில் துருப்பிடித்த பூட்டு. கூரை விழுந்த நாளிலிருந்து அது மூடித்தான் கிடக்கிறது, உள்ளே பாம்புதான் குடியிருக்கிறது என்றார் சேர். மற்றக் கிடங்குகளுக்கும் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார். மீற்றர் சும்மா கிடந்தது. பகல் சாப்பாட்டு நேரமாகியும் எங்களுக்கு ஒரு துப்பும் இல்லை.

எதிர்த்தரப்புக்குச் சமைக்க வந்தவர் என் உம்மாவின் தங்கை, நஜ்முன் நிஸா சாச்சி. வேப்பமர நிழலில் பாய் விரித்து, சஹன் வைத்தார். பெரிய தட்டில் சோற்றையும் இறைச்சியையும் குவித்து, சுற்றியிருந்து எல்லோரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிடுவது எங்கள் பழக்கம். வாசனை வளவெல்லாம் நிறைந்தது.

"வா மகள், வந்து இரி."

"ஏலாது சாச்சி."

"என்ட கையால திண்டு வளந்த புள்ளைக்கு என்ன ஏலாது?"

"சட்டம் சாச்சி."

சாச்சியின் முகம் சுருங்கியது. திரும்பிப் போனார். உம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த காலமெல்லாம் எனக்கு ஊட்டிவிட்டவர் அவர். வெள்ளைக்காரி எதையோ குறித்துக்கொண்டாள். நாங்கள் கொண்டுவந்த பிஸ்கட்டைக் கடித்தோம்.

அப்போதுதான் பார்த்தேன். பாயில் எல்லோரும் இருந்து சாப்பிடுகிறார்கள், காலையிலிருந்து நாங்கள் கண்டவர்களில் ஒருவரும் குறையவில்லை. சாச்சி மட்டும் துணி மூடிய இன்னொரு சஹனைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் கிடங்கின் பின்பக்கம் போனார். வெறுங்கையோடு திரும்பினார்.

"சேர், அந்தச் சாப்பாடு ஆருக்கு?"

"நாய்க்கு. பாவம், குட்டி போட்டுக் கிடக்கு." கண்கூடச் சிமிட்டவில்லை மனிதர்.

சரி, இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் சாச்சி திரும்பவும் அதே பக்கம் போனார். இந்த முறை கையில் செம்பில் தண்ணீர், மற்றக் கையில் படிக்கம். சாப்பிட இருக்கிற ஆள் கை கழுவ நாங்கள் முன்னால் பிடிக்கிற பாத்திரம் அது.

நான் எழும்பிவிட்டேன்.

"மூண்டாம் கிடங்கத் திறவுங்கோ, சேர்."

"காரணம்?"

"நாய் கை கழுவிப்போட்டுத் தின்னாது."

முன்பூட்டு வெறும் நடிப்பு, வழி பின்னால் இருந்தது. உள்ளே காவல் பொடியன்மார் இருவர் சஹனில் கை வைத்தபடி எங்களைப் பார்த்தார்கள். பக்கத்தில் பீப்பாய். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க நான் கொஞ்சமும் முயலவில்லை. வெள்ளைக்காரி மட்டும் சிரிக்காமல், அறிக்கை வரட்டும், முடிவு அதில்தான் என்றாள்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது சோமசேகரம் சேர் பக்கத்தில் வந்து கதிரையை இழுத்துப் போட்டார். பகிடியும் சிரிப்பும் போய்விட்டிருந்தன.

"பிள்ளை, பின்பக்கம் காலடித் தடம் கண்டது எண்டு எழுதிவிடுங்கோ. இல்லாட்டி அந்த மனுசியாலதான் தோத்தம் எண்டு வரும். இனி இப்பிடிச் சமையல் வேலை அவவுக்குக் குடுக்க மாட்டினம்."

நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் காணாததைக் கண்டதாக ஒரு பரிசோதகர் எழுதினால், ஒரு நாட்டின் மேல் பொய்ப்பழி விழும். அந்தப் பழியை வைத்து யுத்தம்கூடத் தொடங்குவார்கள். ஏலாது என்றேன். எழும்பிச் சாச்சியிடம் போனேன்.

அவர் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சாச்சி, நீங்க சாப்பாடு கொண்டு போனதாலதான் புடிச்சனான் எண்டு எழுதப் போறன். உங்கட பேர் வரும்."

"அங்கால போகாத எண்டுதான் சொன்னவங்க. நானும் சரியெண்டனான். பகலானதும் ஏலாமப் போச்சு. உள்ள இரிக்கிறவனுக்கும் வயிறு இரிக்குத்தானே." சட்டியைக் கவிழ்த்து வைத்தார். "எழுது. பொய் எழுதச் சொல்லி ஆரு உன்னப் படிக்க வெச்ச? ஆனா என்ட சோத்தத் தொடாமப் போனியே, அதையும் எழுது. அது மட்டும் எனக்கு இன்னும் ஆறல்ல."

அந்த அறிக்கைதான் எனக்கு வியன்னா வேலையை வாங்கித் தந்தது. அதில் 'பரிசோதகர் எதிர்கொண்ட இடையூறுகள்' என்று ஒரு பகுதி உண்டு. ஈயத்தையும் பூட்டையும் சேருடைய கதைகளையும் வரிசையாக எழுதினேன். பிறகு, இவை எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது சமையல்காரர் நஜ்முன் நிஸாவின் சோற்றை மறுத்ததுதான் என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.